கறுப்பு தானாக வருவதில்லை

வடிவமைப்புக் கல்லூரிகளில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் புகைப்படக்கலையைக் கற்பிக்க வேண்டுமா என்ற கேள்வியை இன்று எழுப்பினால் இரண்டு குரல்கள் பதிலாக வருகின்றன. முதலாவது நிர்வாகத்தின் குரல். ஃபிலிம் செத்துப் பல காலமாயிற்று, இருட்டறை இருக்கும் இடத்தில் பத்துக் கணினிகளைப் போடலாம், படித்து வெளியேறும் மாணவருக்கு வேலை கொடுப்பவர் எவரும் ஹைப்போ கரைக்கத் தெரியுமா என்று கேட்கப்போவதில்லை என்று அது சொல்லும். இரண்டாவது ரசிகரின் குரல். ஃபிலிமில் ஆன்மா இருக்கிறது, அந்த வெள்ளித் துகள்களின் அழகு டிஜிட்டலில் வராது, வண்ணம் வெறும் அலங்காரம், கறுப்பு வெள்ளையே உண்மை என்று அது உருகும்.

இவ்விரு தரப்பாரும் ஒருவரையொருவர் எதிரிகளாகக் கருதிக்கொள்கின்றனர். ஆனால் அடிப்படையில் இருவர் கருத்தும் ஒன்றுதான். இருவருக்குமே ஃபிலிம் என்பது ஒரு தோற்றம். முன்னவர் அத்தோற்றத்தைக் கைப்பேசியில் ஒரு பொத்தானை அழுத்திப் பெற்றுவிடலாம் என்கிறார். பின்னவர் அப்படிப் பெற முடியாது என்கிறார். தோற்றத்துக்காக மட்டும் கற்பதென்றால் முன்னவர் சொல்வதே சரி. ஒரு தோற்றத்துக்காக ஒரு பருவம் முழுவதையும் செலவிடச் சொல்வது மாணவருக்கு இழைக்கும் அநீதி.

நம் வாதம் வேறு. ஒரு படத்தில் ஒரு முகம் எவ்வளவு கறுப்பாகத் தெரிய வேண்டும் என்பதை எப்போதும் யாரோ ஒருவர் தீர்மானிக்கிறார். கறுப்பு தானாக வருவதில்லை. அந்தத் தீர்மானத்தைத் தன் கையால் எடுத்து, அதன் விளைவைத் தன் கண்ணால் கண்டு, அதற்குத் தானே பொறுப்பேற்க வேண்டிய நிலைக்கு வடிவமைப்பு மாணவரைக் கொண்டுவந்து நிறுத்தும் இடமாக இருட்டறை இருக்கிறது. தோலின் நிறத்தைப் பற்றி இவ்வளவு நோய்பிடித்த எண்ணங்களைச் சுமந்து திரியும் ஒரு சமூகத்தில் அந்தக் கல்வியை ஒழித்துக்கட்டுவதும் குற்றம். அதைப் பழம்பெருமைப் பொழுதுபோக்காக மாற்றுவதும் குற்றம்.

*

தமிழ் கற்பிப்பவர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கப்படலாம். வேலை இருக்கிறது. நம் மொழியிலிருந்தே தொடங்குவோம்.

பெண் பார்த்துவிட்டு வருபவர்கள் ‘பெண் நல்ல நிறம்’ என்கிறார்கள். என்ன நிறம் என்று எவரும் திருப்பிக் கேட்பதில்லை. ‘நிறம்’ என்ற பொதுச்சொல் வெளுத்த தோலை மட்டும் குறிக்கும் சிறப்புச்சொல்லாகக் குறுகிவிட்டது. கறுத்திருப்பவரை ‘நிறம் கொஞ்சம் மட்டு’ என்கிறோம். அதாவது நம் பேச்சுவழக்கில் கறுப்பு என்பது ஒரு நிறமே அன்று, நிறத்தின் குறைபாடு. இரண்டுக்கும் நடுவே மனம் புண்படாதிருக்க ‘மாநிறம்’ என்றொரு சமாதானச் சொல்லை வைத்திருக்கிறோம். அந்த ‘மா’வுக்குக் கருமை என்பதும் ஒரு பொருள் என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

சங்கப் பாடல்களில் தலைவியின் அழகு ‘மாமை’. மாந்தளிரின் நிறத்தை ஒத்தது என்று உரைகாரர்கள் அதை விளக்குவார்கள். தலைவன் பிரிந்தபின் அந்த மாமை அழிந்து மேனி வெளிறிப் படர்வது ‘பசலை’. வெளிறுவது அங்கே நோய். கருமை கலந்த அந்த மேனிநிறமே நலம். முல்லை நிலத்தின் தெய்வத்தைத் தொல்காப்பியம் ‘மாயோன்’ என்றுதான் சொல்கிறது. இந்த மரபின் வாரிசுகளாகிய நாம், வெளுப்பதற்குக் களிம்பு வாங்குகிறோம். அக்களிம்புகளில் மிகப் பெயர்பெற்ற ஒன்று 2020ஆம் ஆண்டில் தன் பெயரிலிருந்த ‘ஃபேர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘குளோ’ என்று மாற்றிக்கொண்டது. சொல் மாறியது. சுவரொட்டியில் சிரிக்கும் முகங்கள் கறுத்துவிடவில்லை.

அந்தச் சுவரொட்டியைச் செய்பவர் யார்? புகைப்படக்காரர், கலை இயக்குநர், வடிவமைப்பாளர். அதாவது இன்று வடிவமைப்புக் கல்லூரி வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் மாணவர். நாளை ஒரு பெண்ணின் கன்னத்தை இரண்டு படி வெளுக்கச் செய்யும் கை அவருடையது. ஆகவே அவர் சாம்பல் நிறத்தின் படிகளை எங்கே, எப்படிக் கற்கிறார் என்பது இலக்கியம் பேசுவோரின் கவலையாகவும் இருப்பதில் வியப்பில்லை.

*

பாடம் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

நண்பகல். வெள்ளை வேட்டியும் வெள்ளைத் துண்டுமாகக் கருந்தோல் முதியவர் ஒருவர் நிற்கிறார். மாணவர் கையில் பென்டாக்ஸ் கே1000 போன்ற ஒரு கேமரா இருக்கிறது. 1976இல் சந்தைக்கு வந்து இருபதாண்டுகளுக்கு மேல் உலகெங்கும் மாணவர்களின் கேமராவாக இருந்தது அது. தானாக எதையும் செய்யாது. அதற்குள் இருக்கும் லைட் மீட்டருக்கு வேட்டியையும் தெரியாது, முதியவரையும் தெரியாது. எதைக் காட்டினாலும், தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 18 விழுக்காட்டைத் திருப்பியனுப்பும் நடுத்தரச் சாம்பல் பரப்பு அது என்றே எண்ணிக்கொள்ளும். வெயிலில் மின்னும் வேட்டியைப் பார்த்ததும் ‘ஒளி மிகுதி, குறை’ என்று முள் சொல்கிறது. மாணவர் அந்த முள்ளுக்குக் கீழ்ப்படிந்தால் வேட்டி சாம்பலாகும். முதியவரின் முகம் இருளில் மூழ்கிவிடும்.

அது எப்படி மூழ்குகிறது என்பதை நெகடிவ் காட்டித்தரும். நெகடிவில் எல்லாம் தலைகீழ். ஒளி பட்ட இடத்தில் வெள்ளி படிந்து கறுக்கும். படாத இடம் வெறும் கண்ணாடி போலத் தெளிவாக நிற்கும். வேட்டி அடர்ந்த கறுப்பாக இருக்கும். முகம் இருக்க வேண்டிய இடத்தில், ஒளி போதாவிட்டால், ஒன்றும் இருக்காது. வெறும் தெளிவு. மாணவர் சுருளை உலர்த்தி, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்க்கும்போது ஒரு மனிதரின் கண்களும் நெற்றிச் சுருக்கங்களும் இருக்க வேண்டிய இடத்தின் வழியாக ஜன்னல் தெரியும். அதற்கு மேல் இருட்டறையில் எந்த வித்தை செய்தாலும் அம்முகத்தை மீட்க முடியாது. ஒளி கொடுக்கப்படாத முகம் ஃபிலிமில் இல்லவே இல்லை. ‘நிறம் மட்டு’ என்ற நம் சொல் எவ்வளவு பொய்யானது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தச் சொற்பொழிவும் விளக்கிவிடாது. முகத்தில் குறை இல்லை. கொடுத்த ஒளியில் குறை.

நிழலில் இருப்பதற்குப் போதிய ஒளி கொடு, வெளிச்சத்தில் இருப்பதை டெவலப் செய்யும் நேரத்தால் கட்டுப்படுத்து என்பது கறுப்பு வெள்ளைக்காரர்களின் பழைய விதி. அதன்படி மாணவர் முதியவரின் அருகே சென்று முகத்தை மட்டும் அளக்கக் கற்கிறார். அளந்தபின்னும் வேலை முடிவதில்லை. மீட்டர் அந்த முகத்தையும் நடுச்சாம்பலாக்கவே பார்க்கும். அதை அப்படியே விடுவதா, ஒரு படி இறக்கிக் கருமையின் மினுமினுப்பு தெரியும் இடத்தில் வைப்பதா? இக்கேள்விக்கு எந்தக் கருவியும் விடை சொல்லாது.

இந்தச் சிந்தனைமுறைக்கு ஒழுங்கான வடிவம் கொடுத்தவர்கள் ஆன்செல் ஆடம்ஸும் ஃப்ரெட் ஆர்ச்சரும். முழுக்கறுப்பை பூஜ்யம் என்றும் வெண்தாளின் வெண்மையைப் பத்து என்றும் வைத்து, இடைப்பட்ட சாம்பல்களைப் பகுத்த ‘மண்டல முறை’ அவர்களுடையது. அது எங்கே உருவாயிற்று என்பது நம் வாதத்துக்கு முக்கியம். 1939–40 வாக்கில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஆர்ட் சென்டர் பள்ளியில், மாணவர்களுக்குக் கற்பிக்கும்பொருட்டு உருவானது அது. அப்பள்ளி இன்றும் வடிவமைப்புக் கல்லூரியாக விளங்குகிறது. மலையும் காடும் படமெடுத்த ஒரு கலைஞரின் தனி ஞானமாக மட்டும் போற்றப்படும் இம்முறை, வடிவமைப்பு வகுப்பறையில் பிறந்த பாடத்திட்டம். அதை வடிவமைப்புக் கல்விக்குத் தொடர்பில்லாத ஆடம்பரம் என்று சொல்பவர்கள் தங்கள் துறையின் வரலாற்றையே அறியாதவர்கள்.

அந்த மண்டல முறையையும் நாம் வழிபட வேண்டியதில்லை. ஆடம்ஸின் விளக்கத்தில் வெயிலில் இருக்கும் வெள்ளையரின் தோல் ஆறாம் மண்டலத்துக்கும், கருந்தோல் ஐந்தாம் மண்டலத்துக்கும் எடுத்துக்காட்டு. யாருடைய முகத்தைக் கண்முன் வைத்து அளவுகோல் செய்யப்பட்டது என்பது வெளிப்படை. ஆனால் இங்கே அந்தத் தீர்மானம் நூலின் பக்கத்தில் எழுத்தில் இருக்கிறது. மாணவர் அதைப் படிக்கலாம், மறுக்கலாம். நம் ஊர் முகங்களை வைத்து, நம் ஊர் வெயிலில், தன் சொந்த அட்டவணையை எழுதிக்கொள்ளலாம். எழுதச் சொல்ல வேண்டும்.

*

இனி ‘கறுப்பு வெள்ளையே உண்மை’ என்று உருகும் அன்பர்களிடம் வருவோம்.

கறுப்பு வெள்ளை உண்மையைக் காட்டுகிறது என்பது அதைக் கையால் செய்து பார்க்காதவர்களின் நம்பிக்கை. பழைய ஆர்த்தோகுரோமாடிக் ஃபிலிம் சிவப்பொளியை உணராது. ஆகவே செம்மை கலந்த பழுப்புத் தோல் அதில் இருப்பதைவிடக் கறுத்துத் தெரியும். எல்லா வண்ணங்களையும் உணரும் பான்குரோமாடிக் ஃபிலிம் பரவலான பிறகு அதே தோல் ‘வெளுத்தது’. இன்றும் லென்சுக்கு முன் ஒரு சிவப்புக் கண்ணாடியைப் பொருத்தினால் தோல் வெளிறும். பச்சைக் கண்ணாடியைப் பொருத்தினால் கருக்கும். மனிதர் அதே மனிதர், வெயில் அதே வெயில். இவற்றில் எது உண்மை? எல்லாம் விளக்கங்கள். ஒரு செய்யுளுக்கு இருவேறு உரை எழுதுவது போன்றது இது. உரை செய்கிறோம் என்ற உணர்வோடு செய்பவருக்கும், தன் உரையே மூலம் என்று மயங்குபவருக்கும் வேறுபாடு உண்டு.

இந்த வேறுபாட்டை உணராத ரசிகர் செய்வது என்ன? சந்தையில் பழைய கேமரா ஒன்றை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறார். ஒரு சுருள் எடுத்ததும் லேபில் கொடுத்துவிடுகிறார். லேப் அதைக் கழுவி, ஸ்கேன் செய்து, கோப்புகளாக அனுப்புகிறது. நிழல் எவ்வளவு ஆழமாக இருக்க வேண்டும், முகம் எந்தப் படியில் நிற்க வேண்டும் என்பதையெல்லாம் ஸ்கேனருக்கு முன் அமர்ந்திருந்த முகமறியா ஊழியரோ, அவருடைய இயந்திரத்தின் தானியங்கி அமைப்போ தீர்மானித்தாயிற்று. கைப்பேசி செய்ததையே இங்கே லேப் செய்தது; நேரமும் பணமும் மட்டும் கூடுதல். இதை ஃபிலிம் கற்றல் என்று ஒரு கல்லூரி சான்றிதழ் கொடுக்குமானால், ஓலைச்சுவடியை ஆளை வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டவருக்குப் பதிப்பாசிரியர் பட்டம் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

ஃபிலிமைச் சுற்றி இரங்கற்பா பாடுவதும் இன்று பொருந்தாது. கோடாக்குரோம் 2009இல் நிறுத்தப்பட்டதும், 2012இல் கோடாக் திவால் பாதுகாப்புக் கோரியதும் உண்மை. அதே காலத்தில், 2004இல் நொடித்துப்போன இல்ஃபோர்டின் கறுப்பு வெள்ளைத் தொழிலை 2005இல் அதன் மேலாளர்களே மீட்டெடுத்தனர்; அத்தொழில் இன்றுவரை நடந்துவருகிறது. ஃபூஜி 2018இல் நிறுத்திய அக்ராஸ் ஃபிலிமை 2019இல் திருத்திய வடிவில் திரும்பக் கொணர்ந்தது. 2024இல் பென்டாக்ஸ் பெயரில் புதிய ஃபிலிம் கேமராவே வந்தது. ஃபிலிம் சாகவில்லை, தெய்வமும் ஆகவில்லை. கிடைக்கும் ஒரு கருவி, அவ்வளவே. கருவியை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதே கேள்வி.

*

நிர்வாகத்தின் தரப்பில் ஒரு வாதம் மட்டும் வலுவானது. அதற்கு நேர்மையாக முகம் கொடுக்க வேண்டும். இதே மண்டலங்களையும் இதே தோல் நிறங்களையும் கணினியில் கற்பிக்க முடியாதா? ஒரு கோப்பைத் திறந்து நிழலை ஏற்றி இறக்கிக் காட்டினால் போதாதா?

முடியும். நல்ல ஆசிரியர் ஒருவர் சாக்குக்கட்டியை வைத்துக்கொண்டும் கற்பிப்பார். ஆனால் கல்வித்திட்டம் என்பது நல்லாசிரியர் வாய்ப்பதை நம்பி அமைக்கப்படுவதன்று. சுமாரான ஆசிரியர் வாய்த்தாலும் மாணவரை ஒரு நிலைக்குக் கொண்டுசேர்க்கும்படி அமைக்கப்படுவது. இங்கே கருவியின் இயல்பு முக்கியமாகிறது.

கைப்பேசி நாம் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே தீர்மானிக்கத் தொடங்கிவிடுகிறது. பல படங்களை எடுத்து ஒன்றாக்குகிறது, முகத்தைக் கண்டுபிடித்து வெளிச்சம் ஏற்றுகிறது. 2021இல் கூகுள் தன் பிக்சல் 6 கைப்பேசியுடன், கருந்தோலைச் செம்மையாகக் காட்டும் ஏற்பாடு ஒன்றை ‘ரியல் டோன்’ என்ற பெயரில் அறிவித்தது. நல்ல முயற்சிதான். ஆனால் அவ்வறிவிப்பைத் திருப்பிப் போட்டுப் படித்தால், அதுவரை செம்மையாகக் காட்டவில்லை என்பது அதன் பொருள். அதற்குப் பல்லாண்டுகளுக்கு முன், கோடாக் வண்ண அச்சுக்கூடங்களுக்கு அனுப்பிய ஒப்புநோக்கு அட்டைகளில் இருந்தவர் ஒரு வெள்ளைப் பெண். அவர் முகம் சரியாக வந்தால் உலகத்து முகமெல்லாம் சரி என்று கொள்ளப்பட்டது. அட்டை போய் நிரல் வந்திருக்கிறது. அட்டையையாவது சுவரில் காணலாம். நிரலைக் காண முடியாது. கணினியில் கோப்பைத் திறக்கும் மாணவர் ‘தொடக்கம்’ என்று எண்ணுவது ஏற்கெனவே வேறொருவர் எடுத்து முடித்த தீர்மானம்.

இருட்டறையில் அப்படி எதுவும் காத்திருப்பதில்லை. என்லார்ஜருக்குக் கீழே இருப்பது வெறும் வெள்ளைத்தாள். மாணவர் முதலில் ஒரு துண்டுத்தாளை எடுத்து ஐந்து விநாடி, பத்து விநாடி, பதினைந்து விநாடி என்று பட்டை பட்டையாக ஒளி கொடுத்துப் பார்க்கிறார். மங்கிய பாதுகாப்பு விளக்கின் கீழ், தட்டில் கிடக்கும் தாளில் ஒரே கன்னம் ஐந்து நிறங்களில் எழும்பி வருகிறது. இவற்றுள் ஒன்றை அவர் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுத்தபின் கம்பியில் ஒட்டிய சிறு அட்டையால் முகத்தை மறைத்து வெளுக்கச் செய்யலாம். துளையிட்ட அட்டையின் வழியே கூடுதல் ஒளி விட்டுக் கருக்கச் செய்யலாம். ஒவ்வொன்றையும் அவர் கைதான் செய்கிறது. அதுவும் விநாடிகளை எண்ணிக்கொண்டு. ஈரத்தில் பளிச்சென்று தெரிந்த படம் உலர்ந்ததும் ஒரு சாயல் கறுத்துவிடும் என்பதையும் அவர் முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும். ஒரு முகத்தை வெளுக்கச் செய்த மாணவர், இயந்திரம் அப்படிக் கொடுத்தது என்று இங்கே தப்பித்துக்கொள்ள முடியாது. குறிப்பேட்டில் விநாடிகள் அவர் கையெழுத்தில் இருக்கின்றன.

கணினியில் எதையும் திரும்பப் பெறலாம் என்பது வேலைக்கு வசதி. கற்றலுக்கு அதுவே தடை. முடிவு செய்ய வேண்டிய நிர்ப்பந்தம் இல்லாத இடத்தில் முடிவு செய்யும் திறன் வளர்வதில்லை. 36 படங்களே உண்டு என்னும்போது, எடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியிருக்கிறது. பார்த்ததற்கும் விளைவுக்கும் இடையில் ஒரு நாள் கழியும்போது, என்ன எண்ணி எடுத்தோம் என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. யாப்பைப் பற்றி நாம் வகுப்பில் சொல்வதும் இதுதான். 1959இல் தொடங்கிய ‘எழுத்து’ இதழ் வழியாகப் புதுக்கவிதை வேரூன்றியபின் வெண்பா எழுதியாக வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. ஆயினும் நான்கு வெண்பாவாவது தளை தட்டாமல் எழுதிப் பார்த்தவருக்கு, தளையில்லாத வரியில் ஒரு சொல் ஏன் நொண்டுகிறது என்பது காதில் கேட்கும். இந்த ஒப்புமையை அளவுக்கு மீறி இழுக்க வேண்டாம். யாப்பறியாத நல்ல கவிஞர்கள் உண்டு, இருட்டறை காணாத நல்ல புகைப்படக்காரர்களும் உண்டு. விதிவிலக்கான திறமைக்குப் பாடத்திட்டம் தேவையில்லை. மற்றவர்களுக்குத்தான் தேவை.

*

செலவு, நச்சு, வேலைவாய்ப்பு என்று இன்னும் மூன்று மறுப்புகள் உண்டு.

செலவைப் பற்றிய மறுப்பு உண்மையானது. ஒரு சுருளின் விலை பல நூறு ரூபாய். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த மாணவரிடம் மாதம் நான்கு சுருள் வாங்கிவரச் சொல்லும் ஆசிரியர், வசதி படைத்தவருக்கு மட்டுமே பாடம் நடத்துகிறார். ஆகவே ஃபிலிமும் கேமராவும் நூலகத்துப் புத்தகம் போலக் கல்லூரியின் பொதுச்சொத்தாக இருக்க வேண்டும் என்கிறோம். நூறு அடிச் சுருளை, அதாவது ஏறத்தாழ முப்பது மீட்டர் ஃபிலிமை, மொத்தமாக வாங்கி வெட்டிச் சுற்றிக்கொண்டால் 36 படங்கள் கொண்ட பதினெட்டுச் சுருள்கள் வரை தேறும். ஊசித்துளைக் கேமராவை மாணவரே பிஸ்கட் டப்பாவில் செய்துகொள்ளலாம். கேமராவே இன்றித் தாளின்மேல் பொருள்களை வைத்து ஒளிகாட்டி முதல் வாரப் பாடத்தை முடித்துவிடலாம். மருத்துவத்துக்குரிய எக்ஸ்ரே ஃபிலிம் பரப்புக்குப் பரப்பு மலிவு. அது சிவப்பை உணராது என்பதால், பழுப்புத் தோல் அதில் கறுத்து வருவதையும் பான்குரோமாடிக் ஃபிலிமில் அதே தோல் வேறாக வருவதையும் அருகருகே வைத்துக் காட்டலாம். மேற்சொன்ன விவாதம் முழுவதும் இரண்டு தாள்களில் அடங்கிவிடும்.

நச்சைப் பற்றிய மறுப்பிலும் நியாயம் உண்டு. பயன்படுத்திய ஹைப்போவில் கரைந்த வெள்ளி இருக்கிறது. அதைச் சாக்கடையில் கொட்டுவது தவறு. இரும்பு நாரின் வழியே செலுத்தி வெள்ளியைப் பிரிக்கும் முறை பழையது, எளியது. பொருளை எப்படிச் செய்வது என்று மட்டும் கற்று, அதன் கழிவு எங்கே போகிறது என்று கற்காத வடிவமைப்பாளரை ஏற்கெனவே போதுமான அளவு உருவாக்கிவிட்டோம். நூல்கள் 20 பாகை செல்சியஸ் என்று சொல்லும்; சென்னைக் கோடையின் குழாய்த் தண்ணீரோ அதைவிட வெகு சூடு. பனிக்கட்டியிட்ட தொட்டியில் டெவலப்பரை வைத்து வெப்பத்தை இறக்க வேண்டும். எங்கோ எழுதப்பட்ட குறிப்பை இந்த ஊரின் தண்ணீருக்கேற்ப மாற்றுவது இடையூறன்று, அதுவும் பாடம்.

வேலைவாய்ப்புக்கு வருவோம். ஹைப்போ கரைக்கத் தெரிந்தவரை எந்த நிறுவனமும் தேடவில்லை, ஒப்புக்கொள்கிறோம். மென்பொருள்களை மட்டும் கற்றவரின் நிலை என்ன? சில ஆண்டுகளில் மென்பொருள் மாறுகிறது. இன்று சொல்லைக் கொடுத்தால் படத்தைச் செய்துதரும் இயந்திரங்கள் வந்துவிட்டன. ‘அழகான தமிழ்ப் பெண்’ என்று கேட்டால் அவை எந்த நிறத்தில் முகம் கொடுக்கும் என்பது அவற்றுக்கு ஊட்டப்பட்ட படங்களைப் பொறுத்தது. நாம் பல்லாண்டுகளாக வெளுத்து வெளுத்து அச்சிட்ட விளம்பரங்களும் அந்த ஊட்டத்தில் இருக்கக்கூடும். அந்தப் படத்தைப் பார்த்து, ‘இந்தக் கன்னம் இரண்டு படி பொய் சொல்கிறது’ என்று கண்டுபிடிக்கும் கண் எங்கிருந்து வரும்? நாளைய வடிவமைப்பாளரின் மதிப்பு அந்தக் கண்ணில்தான் இருக்கப்போகிறது.

*

இது எங்கோ மேனாட்டில் முளைத்து நமக்கு ஒட்டாத கலை என்று சொல்வோருக்கும் ஒரு சொல். ஜெர்மனியின் பௌஹவுஸில் 1929இல் வால்டர் பீட்டர்ஹான்ஸ் புகைப்பட வகுப்பைத் தொடங்கியதும், 1937இல் மொஹோலி நாகி சிகாகோவில் புதிய பௌஹவுஸைத் தொடங்கியதும் அங்குள்ள வரலாறுதான். ஆனால் 1961இல் தொடங்கிய அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தைத் தொடக்க ஆண்டுகளில் உருவாக்கியவர்களில் ஒருவரும், கேமராவைத் தம் முதன்மைக் கருவிகளில் ஒன்றாகக் கொண்டவருமான தசரத் படேல் ஓவியம் பயின்றது சென்னை கலைப் பள்ளியில், தேவி பிரசாத் ராய் சௌத்ரியிடம். இன்னும் ஒன்று: 1960இல் உதகமண்டலத்தில் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் தொடங்கப்பட்டது. கறுப்பு வெள்ளை ஃபிலிமும் அச்சுத்தாளும் எக்ஸ்ரே ஃபிலிமும் ‘இந்து’ என்ற வணிகப்பெயரோடு நீலகிரியிலிருந்து நாடெங்கும் சென்றன. 1990களில் அது நலிவுற்ற நிறுவனமாக அறிவிக்கப்பட்டுப் பின்னர் மூடப்பட்டது. நம் மலையில், நம் தொழிலாளர் கையில் உருவான ஒரு பொருளை அந்நிய ஆடம்பரம் என்று பேசும் அளவுக்கு நம் நினைவு குறுகியிருக்கிறது. தொழிற்சாலை போயிற்று, அறிவையும் சேர்த்து அனுப்பிவிட வேண்டுமா?

நாம் கேட்பது பெரிதன்று. வடிவமைப்புப் படிப்பில் ஒரு பருவம், ஓர் இருட்டறை, பொதுவில் பத்துக் கேமரா. மதிப்பெண் அழகான படத்துக்கன்று. ஒளியளவுக் குறிப்பேட்டுக்கும் சோதனைத் துண்டுகளுக்கும். இறுதித் தேர்வாக ஒரே நெகடிவிலிருந்து ஒரே முகத்தை மூன்று சாயல்களில் அச்சிட்டு, அவற்றுள் எதைச் சுவரில் மாட்டுவேன், ஏன் என்று மாணவர் இரண்டு பக்கம் எழுத வேண்டும். அது தமிழில் இருக்கட்டும். எழுத அமரும்போது ‘நிறம்’, ‘மாநிறம்’, ‘மட்டு’ என்று நம்மிடம் இருக்கும் சொற்கள் எவ்வளவு ஏழ்மையானவை, எவ்வளவு சூதானவை என்பது அவருக்கே தெரியவரும். புதிய சொல் தேடுவார். பழைய ‘மாமை’யைக்கூடக் கண்டெடுப்பார். அந்தத் தாள்களைத் திருத்திக்கொடுக்கத் தமிழ்த்துறையினர் சம்மதிப்பார்கள் என்று நம்புகிறோம். இருட்டறையின் சாவியை நிர்வாகம் கொடுக்குமா என்பதுதான் தெரிய வேண்டும்.